மூன்று எழுத்தா, நாலா?



கொஞ்சம் நீளமான பதிவு இது. ஐ.சி.ரி. படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு உதவும். மற்றவர்களும் வாசிக்கலாம், கணினி தெரியாதவர்களுக்கும் விளங்கும்படிதான் எழுதியிருக்கிறோம். சரியாகச் செய்த பிள்ளைகளுக்கு நாங்கள் சைபர் போட்ட கதை.

எங்கள் பாடசாலையில் இந்தப் பாடத்துக்கு இரண்டு பேர் இருக்கிறோம். ஒப்படை கொடுத்ததும் இருவரும்தான், புள்ளி போட்டதும் இருவரும்தான். அதனால் கீழே "நாங்கள்" என்று வரும் இடமெல்லாம் இருவரையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். பழியையும் சேர்த்து.

உயர்தரப் பாடத்திட்டத்தில் வலையமைப்புப் பாதுகாப்பு என்று ஒரு பகுதி வரும். மறைகுறியாக்கம், இலக்கமுறைக் கையொப்பம் எல்லாம் அதற்குள்தான். பிள்ளைகள் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கி எழுதிவிடுவார்கள், புள்ளியும் வந்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தது ஒன்றுதான்: பிள்ளை தன் கையால் செய்து பார்த்தது மறக்காது. அதை நம்பி, தரம் 13 பிள்ளைகளுக்கு ஷா-256 ஐ பைதனில் தாங்களாகவே எழுதி வரும்படி ஒப்படை கொடுத்தோம்.

ஷா-256 என்றால் என்ன? எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு கைரேகை எடுத்துத் தரும் முறை. மூன்று எழுத்தைக் கொடுத்தாலும் ஒரு முழுப் புத்தகத்தைக் கொடுத்தாலும் வெளியே வருவது 64 குறிகள்தான். உள்ளே ஒரேயொரு எழுத்து மாறினாலும் அந்த 64 உம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு வழியில் மாறாமல் வந்ததா என்று பார்க்க இது உதவும். இலக்கமுறைக் கையொப்பத்துக்கும் இதுபோன்ற ஒன்றுதான் அடித்தளம். இதைத் தரநியமமாக வெளியிட்டது அமெரிக்காவின் நிஸ்ட் என்ற அரச நிறுவனம், 2002 இல். செய்முறை முழுவதும் பகிரங்கமானது, யாரும் பார்த்து எழுதலாம். அதில் வரும் 64 மாறிலிகளை மட்டும் நாங்களே தட்டச்சுச் செய்து கொடுத்தோம். மீதியைப் பிள்ளைகள் எழுத வேண்டும்.

11 பேர் ஒப்படைத்தார்கள்.

இனி, சரியா பிழையா என்று பார்க்க வேண்டும். 64 குறிகளைக் கையால் கணக்கிட்டுச் சரிபார்க்க எங்களால் முடியாது. அதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. அதில் சுட்டியால் அழுத்துகிற பொத்தான் ஒன்றும் கிடையாது. கறுத்தத் திரையில் கட்டளையைத் தட்டினால் விடை வரும். உலகத்தில் எத்தனையோ இணையத்தளங்களின் பாதுகாப்பு இதன் நிரற்தொகுதியில்தான் ஓடுகிறது. ஆகவே அது சொல்லும் விடை சரியான விடை. அந்த விடையைப் பிள்ளையின் விடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

ஒரு சிறு கட்டளைக் கோவை எழுதினோம். 'எக்கோ' என்ற கட்டளையால் 'ஏபிசி' என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு அனுப்பினோம். அதேபோல் ஒவ்வொரு பிள்ளையின் நிரலுக்கும் அனுப்பினோம். இரண்டு விடையும் ஒன்றென்றால் 20 புள்ளி, இல்லையென்றால் சைபர். ஐந்து நிமிடத்தில் 11 பேருக்கும் புள்ளி விழுந்தது. 7 பேருக்கு 20. 4 பேருக்குச் சைபர்.

இடைப்பட்ட புள்ளி ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இந்தக் கணக்கில் "கிட்டத்தட்ட சரி" என்று ஒன்று கிடையாது. ஒரு பிற் பிழைத்தாலும் முழு விடையும் மாறிவிடும். விடையைப் பார்த்து எந்தப் படியில் பிழைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கருவிக்குத் தெரிந்தது 'ஆம்', 'இல்லை' இரண்டும்தான். நாங்களும் அன்றைக்குக் கருவியைப் போலவே இருந்துவிட்டோம். நாலு பேரின் நிரலையும் திறந்து ஒரு தரம் வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. தவணைப் பரீட்சை வினாத்தாளும் தலைக்கு மேல் நின்ற நேரம் அது.

இரண்டு நாள் கழித்து, அந்த நாலு பேரில் ஒரு பிள்ளை இடைவேளை நேரம் கணினிக் கூடத்துக்கு வந்தார். அதிகம் பேசாத பிள்ளை. கையில் ஒரு கொப்பி. பென்சிலால் நிறையக் கட்டம் கீறி, ஒவ்வொரு படியின் பெறுமானத்தையும் எழுதியிருந்தார்.

"என்ன மகள்?"

"டீச்சர், நீங்க அனுப்பினது மூணு எழுத்து இல்ல. நாலு."

எங்களுக்கு உடனே விளங்கவில்லை. "ஏ, பி, சி. மூணுதானே மகள்" என்றோம்.

அவர் கணினிக்குப் பக்கத்தில் போய், எங்கள் கட்டளையையே தட்டி, விடையை 'டபிள்யூசி' என்ற கட்டளைக்கு அனுப்பினார். பெயரைக் கேட்டு வகுப்பில் எப்போதும் ஒரு சிரிப்பு வரும். ஆனால் அது எத்தனை பைற் வந்தது என்று எண்ணிச் சொல்லும் நல்ல கட்டளை. திரையில் 4 என்று வந்தது.

அப்போதுதான் உறைத்தது. 'எக்கோ' தான் அனுப்பும் எதற்கும் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி முடிவுக் குறியைச் சேர்த்துவிடும். திரையில் அடுத்த வரிக்குப் போவதற்காக. ஓப்பன்எஸ்எஸ்எல் அதையும் ஒரு எழுத்தாக எடுத்து, நாலு பைற்றுக்குக் கைரேகை தந்தது. 7 பிள்ளைகள் வந்ததை அப்படியே முழுதாக வாசிக்கும் விதத்தில் எழுதியிருந்தார்கள், அதனால் அவர்களுக்கும் நாலு. இந்த நாலு பேர் மட்டும் 'இன்புட்' என்ற கட்டளையால் வாசித்திருந்தார்கள். அது வரி முடிவுக் குறியை வெட்டிவிட்டு மூன்றை மட்டும் கொடுக்கும். 'இன்புட்' ஐப் பாவிக்கும்படி தரம் 12 இல் அவர்களுக்குப் படிப்பித்தது வேறு யாருமில்லை, நாங்கள்தான்.

நாங்கள் கேட்டது 'ஏபிசி'. அவர்கள் தந்ததும் 'ஏபிசி' இன் விடை. கருவி சொன்னதும் பிழையில்லை, கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொன்னது. கேள்விதான் வேறாக இருந்தது.

"இத ஏன் அண்டைக்கே சொல்லல்ல?" என்று கேட்டோம். கேட்டபிறகு வெட்கமாக இருந்தது. பிள்ளை சொன்ன பதில்: "கருவி பிழைக்காதுதானே டீச்சர். நாந்தான் எங்கயோ விட்டுட்டன் எண்டு தேடிக்கிட்டு இருந்த."

இரண்டு இரவு தேடியிருக்கிறார், தன் சரியான நிரலுக்குள் இல்லாத பிழையை.

அடுத்த பாடவேளையில் வகுப்புக்கு முன்னால் நடந்ததைச் சொன்னோம். எங்கள் கட்டளையைப் பெரிய திரையில் போட்டு, எங்கே பிழைத்தோம் என்று காட்டினோம். 'எக்கோ' வுக்குப் பதிலாக 'பிரின்ட்எஃப்' போட்டு மறுபடி ஓட்டினோம். அது கொடுத்ததை மட்டும் அனுப்பும், தானாக ஒன்றையும் சேர்க்காது. இந்த முறை விடையை ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு மட்டும் ஒப்பிடவில்லை. தரநியம ஆவணத்திலேயே 'ஏபிசி' க்கு என்ன விடை வரவேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது: 'பிஏ7816பிஎஃப்' என்று தொடங்கும். முதலில் கருவி அதைச் சொல்கிறதா என்று பார்த்தோம். அதன் பிறகுதான் பிள்ளைகளின் நிரல். இதை முதல் நாளே செய்திருந்தால் எங்கள் கட்டளை பிழை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அளக்கப் போகும் முன் அளவுகோலை அளக்க வேண்டும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

நிரல்களையும் இந்த முறை திறந்து வாசித்தோம். 20 புள்ளி வாங்கிய 7 பேரில் ஒருவர் சொந்தமாக எழுதவே இல்லை. பைதனில் ஏற்கெனவே உள்ள நூலகத்தை ஒரு வரியில் அழைத்திருந்தார். விடை எப்படிப் பிழைக்கும்? யார் எழுதியது என்பதைக் கருவி சொல்லாது. அது வேறு கதை, அவரோடு தனியாகப் பேசினோம்.

இப்போது அந்த 56 எழுத்து விடயத்துக்கு வருகிறோம். ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

தரநியம ஆவணம் மூன்று உதாரணம் தருகிறது. முதலாவது 'ஏபிசி'. இரண்டாவது சரியாக 56 எழுத்து நீளமான ஒரு சொல். மூன்றாவது, 'ஏ' என்ற எழுத்து பத்து இலட்சம் தடவை. 56 ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. ஓட்டிப் பாருங்கள் என்றோம். 'ஏபிசி' இல் சித்தியடைந்த நிரல்களில் நாலு இதில் விழுந்தன. கொப்பியோடு வந்த பிள்ளையின் நிரலும் அதில் ஒன்று.

காரணம் இதுதான். ஷா-256 செய்தியை 64 பைற் கொண்ட பெட்டிகளாகப் பிரித்து எடுக்கும். கடைசிப் பெட்டியில் செய்திக்குப் பின்னால் ஒரு அடையாள பைற் வைக்க வேண்டும். பெட்டியின் கடைசி 8 பைற்றில் செய்தியின் நீளத்தை எழுத வேண்டும். நடுவில் மிஞ்சும் இடத்தைச் சைபரால் நிரப்ப வேண்டும். 64 இல் 9 போனால் 55. ஆகவே 55 பைற் வரையுள்ள செய்தி ஒரே பெட்டிக்குள் அடங்கும். 56 ஆனால் அடங்காது, இன்னொரு பெட்டி வேண்டும். எல்லைக் கோட்டை ஒரேயொரு பைற்றால் தாண்டும் சொல்லைத்தான் அந்த ஆவணத்தில் தெரிந்தெடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை, நிரப்ப வேண்டிய சைபர்களின் எண்ணிக்கையை "55 இலிருந்து நீளத்தைக் கழி" என்று எழுதியிருந்தார். 56 க்கு அது சைபருக்குக் கீழே போய்விடும். பைதன் அதைப் பிழை என்று சொல்லாது, பேசாமல் ஒன்றுமே நிரப்பாமல் விட்டுவிடும். மொத்தம் 65 பைற் வரும். 64 ஐ எடுத்துக்கொண்டு கடைசி ஒன்றை நிரல் கைவிடும். எச்சரிக்கை ஒன்றும் வராது, 64 குறி விடையும் அழகாக வரும். பார்த்தால் சந்தேகமே வராது. எங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையின் பெயரும் 55 எழுத்தைத் தாண்டாது. பெயர்களைக் கொடுத்துக் கொடுத்துப் பரீட்சித்திருந்தால் வருடக்கணக்கில் தெரிய வந்திருக்காது.

பிழையைச் சொல்லிக் கொடுக்க நாங்கள் வாயைத் திறக்க முதல் அவர் கொப்பியைத் திருப்பினார். "55க்கும் 56க்கும் இடையிலதான் டீச்சர் மாறுது" என்றார். 64 ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். இந்தத் தடவை நிரல் உண்மையிலேயே பிழை. முகத்தில் கவலை இல்லை, தேடியதற்கு ஒன்று கிடைத்த சந்தோசம் இருந்தது. சரியான நிரலுக்குள் பிழை தேடுவதற்கும் பிழையான நிரலுக்குள் பிழை தேடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த முகத்தில் பார்த்தோம்.

பத்து இலட்சம் 'ஏ' யும் ஓடியது. எங்கள் பழைய கணினிகள் கொஞ்ச நேரம் யோசித்தபிறகே விடை சொன்னன. அது சரியாக 15,625 பெட்டிகளை நிரப்பும். ஓர் இடமும் மிஞ்சாததால் நிரப்பலுக்கென்றே இன்னொரு பெட்டி வேண்டும். இதுவும் ஓர் எல்லைதான்.

இதில் நாங்களாக ஒன்று சேர்த்தோம். "இனி உம்மா என்று தமிழில் கொடுங்கள்" என்றோம். ஆவண உதாரணம் மூன்றிலும் தேறிய நிரல்களில் பாதிக்கு மேல் விழுந்தன. 'உம்மா' வில் எத்தனை எழுத்து? தமிழ்ப் பாடத்தில் மூன்று: உ, ம், மா. யுனிகோட்டில் ஐந்து: உ, ம, புள்ளி, ம, அரவு. சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற், ஆக 15. நீளம் எழுத வேண்டிய இடத்தில் பிள்ளைகள் 5 ஐ எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைற் என்பதால் அந்தப் பிழை வெளியே தெரியவே இல்லை. நிஸ்ட்டின் மூன்று உதாரணமும் ஆங்கில எழுத்துத்தான். எங்கள் பிள்ளைகளின் நிரலைப் பரீட்சிக்க எங்கள் மொழியிலும் ஒரு சொல் வேண்டியிருந்தது.

பிள்ளைகள் மனம் சோரக் கூடாது என்று ஒரு விடயம் சொன்னோம், உங்களுக்கும் சொல்கிறோம். ஷா-3 என்ற அடுத்த தரநியமத்துக்காக நிஸ்ட் 2007 இல் உலகப் போட்டி ஒன்றை அறிவித்தது. பெரிய பெரிய நிபுணர்கள் நிரல் அனுப்பினார்கள். பல வருடம் கழித்து ஆய்வாளர்கள் புதிய பரீட்சைகளை வைத்து அவற்றைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தார்கள். 2018 இல் வெளியான அவர்களது கட்டுரையின்படி, 86 நிரல்களில் 41 இல் பிழை இருந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்த ஒன்றிலும் இருந்தது. நிபுணர்களுக்கே இப்படியென்றால் தரம் 13 பிள்ளை 56 இல் விழுந்ததில் என்ன குறை?

அடுத்த ஒப்படை மறைகுறியாக்கம். பிள்ளைகள் வந்து, "சேர், மறைச்சுப் பாத்தன், திறந்து பாத்தன், அதே சொல் வந்திச்சு, சரிதானே?" என்றார்கள். இந்த முறை நாங்கள் உசார். கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும் ஒரு நிரலை எழுதிக் காட்டினோம். அதுவும் மறைக்கும், திறக்கும், அதே சொல் வரும். ஒன்றுமே செய்யாத நிரல் இந்தப் பரீட்சையில் முழுப் புள்ளி வாங்குகிறது. தன்னோடு தானே ஒத்துப்போவது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. வெளியே இருந்து ஒரு விடை வேண்டும்.

பிழையானதைக் கொடுத்தும் பார்க்க வேண்டும். 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் தன் கைத்தொலைபேசிகளுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. நிரலில் ஒரே வரி தவறுதலாக இரண்டு தடவை பதிந்திருந்தது. அதனால் கையொப்பத்தைச் சரிபார்க்கும் இடத்துக்குப் போகாமலே "சரி" என்று நிரல் திரும்பிவிட்டது. ஒழுங்கான தளங்கள் எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. போலிக் கையொப்பம் ஒன்றைக் கொடுத்து, மறுக்கிறதா என்று பார்த்திருந்தால் மட்டும்தான் தெரிந்திருக்கும். 2016 இல் கூகிள் பொறியியலாளர்கள் இப்படி மறுக்க வேண்டியவற்றையும் சேர்த்து ஒரு பரீட்சைத் தொகுதியை இலவசமாக வெளியிட்டார்கள். பெயர் வைச்புரூஃப். அவுஸ்திரேலியாவில் உள்ள மிகச் சிறிய மலை ஒன்றின் பெயர் அது. ஏறி முடிக்கக்கூடிய இலக்காக இருக்கட்டும் என்று வைத்தார்களாம்.

ஆசிரிய நண்பர்களுக்குச் சுருக்கமாக: 'எக்கோ' வேண்டாம், 'பிரின்ட்எஃப்' பாவியுங்கள். அனுப்புவதை 'டபிள்யூசி' யால் எண்ணிப் பாருங்கள். கருவியை முதலில் அச்சிட்ட விடையோடு ஒப்பிடுங்கள். வெறுமை, 55, 56, 64 ஆகிய நீளங்களையும் ஒரு தமிழ்ச் சொல்லையும் கொடுங்கள். சைபர் போடுமுன் நிரலைத் திறந்து வாசியுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் முடித்தால் பதிவு நேர்மையாக இருக்காது.

சைபர் வாங்கிய நாலு பேரில் மூன்று பேரின் நிரலை மறுபடி ஓட்டினோம், மூன்றுக்கும் 'ஏபிசி' சரியாக வந்தது, புள்ளியைத் திருத்தினோம். நாலாவது மாணவனிடம் நிரல் இல்லை. சைபரைக் கண்ட அன்றே அழித்துவிட்டான். எங்கள் பிரதியும் இல்லை, பிள்ளைகளின் பென்டிரைவில் இருந்தபடியே ஓட்டியிருந்தோம். அவனும் 'இன்புட்' தான் பாவித்தது என்று அவனே சொன்னான். அனேகமாக அதுவும் சரியாகத்தான் இருந்திருக்கும். இனி அதை நிரூபிக்க எந்தக் கருவியும் இல்லை.

திரும்ப எழுதித் தா மகன், நாங்கள் பிந்தினாலும் பார்க்கிறோம் என்றோம். "பரவாயில்ல சேர், எனக்கு இது வராது" என்றான். எங்கள் பிழையை அவன் தன்னுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டான். மன்னிப்புக் கேட்டது அவனுக்குள் போகவில்லை. வகுப்புக்கு முன்னால் திரையில் காட்டியதும் போகவில்லை.

இப்போது புதன்கிழமைகளில் பாடசாலை விட்டபிறகு எங்களில் ஒருவர் அவனோடு உட்காருகிறோம். அவனுடைய பழைய நிரல் அவன் தலைக்குள் எங்கேயோ இருக்கிறது. நேற்று, செய்தியைப் பெட்டியாக்கி முதல் 16 சொற்களாகப் பிரிக்கும் இடம் வரைக்கும் வந்தான். 56 எழுத்தைக் கொடுத்துப் பார்த்தோம். 128 பைற் வந்தது. இரண்டு பெட்டி, சரியாக.

"சரிதானே சேர்?" என்று கேட்டான். நாங்கள் பதில் சொல்லவில்லை. எண்ணிப் பார் என்றோம். எண்ணிக்கொண்டிருந்தான்.

பரீட்சை கிட்ட வருகிறது. எங்கள் பிள்ளைகளுக்காக துஆச் செய்யுங்கள்.